எஞ்சினுக்கு வேர்க்கிறது: ஒரு கிளட்ச் கவரை இரண்டு முறை மூடிய கதை

விழுந்தது பெரிதாக ஒன்றுமில்லை. நவம்பர் மழை, தாம்பரத்தை ஒட்டிய ஒரு குறுக்குத்தெரு, குழாய் பதிக்கத் தோண்டி மூடிய பள்ளத்தின் மேல் களிமண். பைக் ஊர்ந்துகொண்டுதான் இருந்தது. முன்சக்கரம் வழுக்கி வலப்பக்கமாகச் சாய்ந்தது. எனக்கு முழங்கையில் சிராய்ப்பு, அவ்வளவுதான். தூக்கி நிறுத்திப் பார்த்தால் பிரேக் பெடல் மட்டும் உள்பக்கமாக மடங்கியிருந்தது. குனிந்து அதை வெளியே இழுத்தேன். விரலெல்லாம் சூடான எண்ணெய்.

மடங்கிய பெடல், எஞ்சினின் வலப்பக்க மூடியான கிளட்ச் கவரின் கீழ்ப்பகுதியில் குத்தி, ஒரு ரூபாய் நாணயம் நுழையும் அளவுக்கு ஓட்டை போட்டிருந்தது. பெடல் இரும்பு, கவர் அலுமினிய வார்ப்பு. இரும்பு வளைந்து கொடுக்கும். இந்த வார்ப்பு கொடுக்காது. அச்சில் அழுத்தி ஊற்றும் இவ்வகை அலுமினியத்தில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு சிலிக்கான் கலந்திருக்கும். உருகிய உலோகம் அச்சின் மெல்லிய இடுக்கெல்லாம் பாய்வதற்கு அது வேண்டும். அதற்குக் கொடுக்கும் விலை, குத்து விழுந்தால் நசுங்காமல் ஓடு போலத் தெறிப்பது.

சுற்றி நின்றவர்களில் ஒருவர், "வீடு பக்கம்தானே சார், மெதுவாக ஓட்டிக்கொண்டு போய்விடுங்கள்" என்றார். இந்த வகை வண்டியில் எஞ்சினுக்கும் கிளட்சுக்கும் கியர்பெட்டிக்கும் ஒரே எண்ணெய்தான். அதுவும் ஒரு லிட்டருக்குள். ஓட்டை இருந்ததோ அடியில். ஒன்றரைக் கிலோமீட்டர் தள்ளிக்கொண்டே போனேன். இந்த விவகாரம் முழுவதிலும் நான் யோசிக்காமல் சரியாகச் செய்த ஒரே காரியம் அதுதான்.

வண்டி அப்பாவுடையது. 2009இல் வாங்கியது, 100 சிசி, தெருவுக்குப் பத்து நிற்குமே, அந்த இனம். நான் மெக்கானிக் இல்லை, கணக்கு எழுதிப் பிழைப்பவன். சைக்கிள் பஞ்சர் ஒட்டுவேன், ஆயில் மாற்றுவேன், செயினை இறுக்குவேன். கவரை நானே மாற்றலாம் என்று துணிந்ததற்குக் காரணம் திறமை இல்லை, எரிச்சல். சில வருடங்களுக்கு முன் கிளட்ச் பிளேட் மாற்ற ஒரு பட்டறையில் விட்டிருந்தோம். அன்றிலிருந்து கவரின் முன்பக்கக் கீழ்மூலையில் எப்போதும் ஓர் ஈரப்பசை. தூசி ஒட்டிக் கறுப்புச் சேறாகக் கிடக்கும். கேட்டபோதெல்லாம், "பழைய வண்டி, அப்படித்தான் இருக்கும்" என்றார்கள். அப்பா அதற்கு ஒரு பெயரே வைத்துவிட்டார்: எஞ்சினுக்கு வேர்க்கிறது. அந்த வேர்வையை நாங்கள் பொருட்படுத்தாமல் பழகிவிட்டோம். இந்தக் கதையின் முடிச்சு அங்கேதான் இருந்தது. அது அப்போது தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை, சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி வேலையைத் தொடங்கினேன். மிச்சமிருந்த எண்ணெயை வடித்து, சைலன்சர், ஃபுட்ரெஸ்ட் கம்பி, கிக்கர் ஆகியவற்றைக் கழற்றி, கிளட்ச் கேபிளை விடுவித்தேன். இவை ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்த யாரும் செய்யக்கூடியவை. சைலன்சர் நட்டு துருப்பிடித்திருந்தால் முதல்நாள் இரவே மண்ணெண்ணெய் விட்டு ஊற வைக்க வேண்டும், வேறு ரகசியம் கிடையாது.

கவரைப் பிடித்திருப்பவை ஒன்பது போல்ட்டுகள். எல்லாம் 6 மில்லிமீட்டர் மரை, 8ஆம் எண் டி ஸ்பேனர் தலை. எல்லாம் ஒரே நீளம் இல்லை என்பது எனக்குத் தெரியும். ஆகவே பழைய காலண்டர் அட்டையில் கவரின் வடிவத்தை வரைந்து, ஒன்பது இடத்தில் துளையிட்டு, கழற்றக் கழற்ற அந்தந்தத் துளையில் செருகி வைத்தேன். எட்டாம் வகுப்புப் படிக்கும் என் மகள் டார்ச் பிடித்துக்கொண்டிருந்தாள். அட்டையைப் பார்த்து, "அப்பா, உங்கள் ஆபீஸ் பைல் மாதிரியே இருக்கிறது" என்றாள். எனக்கும் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது. கழற்றும்போது எதிரெதிர் மூலைகளில் கால் சுற்றுக் கால் சுற்றாக விட வேண்டும். ஒரே பக்கமாக விட்டால் மெல்லிய வார்ப்பு முறுக்கிக்கொள்ளும்.

போல்ட்டெல்லாம் வந்த பிறகும் கவர் வராது. எண்ணெய் கசியாமல் இருக்க நடுவில் வைக்கும் பேக்கிங் தாள் இரண்டு பக்கமும் வெந்து ஒட்டிக்கொண்டிருக்கும். இந்த இடத்தில் கை தானாக ஸ்குரூடிரைவரைத் தேடும். இடுக்கில் அதைச் செருகி நெம்பினால் கவர் வந்துவிடும். கூடவே, கவர் படிந்து உட்காரும் எஞ்சின் பக்க முகத்தில் ஒரு கீறலும் வரும். பிறகு எத்தனை புதுக் கவர் போட்டாலும் எண்ணெய் அந்தக் கீறல் வழியே வெளியே வரும். மரச்சுத்தியால் ஓரங்களில் தட்டித் தட்டிச் சுற்றி வந்தேன். பத்து நிமிடத்தில் "சப்" என்று விட்டது. கூடவே கிக் ஷாப்டில் இருந்த வாஷர் ஒன்று எண்ணெயோடு கவரில் ஒட்டிக்கொண்டு வந்து டப்பில் விழுந்தது. அது விழுந்த சத்தம் கேட்காமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போதும் நினைத்துக்கொள்கிறேன். கவரை இடம் பிசகாமல் நிறுத்தும் இரண்டு டவல் பின்களில் ஒன்று எஞ்சினில் நின்றது, மற்றொன்று பழைய கவரோடு வந்துவிட்டது.

ஒன்றைக் கண்டேன், கண்டும் விட்டுவிட்டேன். பேக்கிங் சுற்றிலும் வெறும் தாளாக இருந்தது. முன்பக்கக் கீழ்மூலையில் மட்டும் விரல் கனத்துக்குச் சாம்பல் நிறச் சிலிக்கோன் பசை அப்பப்பட்டிருந்தது. சென்ற முறை பேக்கிங் சரியாக உட்காரவில்லை போலும் என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்து உடைந்த துண்டுகள். கவரின் வெளியே இரண்டு துண்டு கிடைத்தது, டப்பில் வடிந்த எண்ணெயில் மூன்று. எல்லாம் கிடைத்துவிட்டதா என்பதற்கு ஒரே சாட்சி, ஓட்டையை அடைத்துப் பார்ப்பதுதான். மகள் துண்டுகளை மண்ணெண்ணெயில் கழுவி, பழைய கவரைச் செய்தித்தாளில் கவிழ்த்து வைத்து, கீழடியில் பானை ஓடு ஒட்டுகிறவர்கள் மாதிரி ஒவ்வொன்றாகத் திருப்பித் திருப்பிப் பொருத்தினாள். ஐந்தும் பொருந்தின. நடுவில் கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு முக்கோணம் மட்டும் காலியாக இருந்தது. நான் ஸ்பீக்கரில் இருந்து எடுத்த காந்தத்தைக் கம்பியில் கட்டி எஞ்சினுக்குள் துழாவினேன். கால் மணி நேரம் கழித்து அவள்தான் கேட்டாள்: "அலுமினியத்தைக் காந்தம் இழுக்காதே அப்பா?" எட்டாம் வகுப்பில் அது பாடத்தில் இருக்கிறது, எனக்கும் ஒரு காலத்தில் இருந்தது. கடைசியில் துண்டு கிடைத்தது எண்ணெய் வடிகட்டும் கம்பிவலையில். எண்ணெய் பம்ப் உறிஞ்சும் வழியில் அந்த வலை இல்லாமல் போயிருந்தால் இது வேறு மாதிரியான கதையாக இருந்திருக்கும். கவர் உடைந்த வண்டியில் துண்டுகளை எண்ணாமல் மூடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். வலையைக் கழுவித் திரும்பப் போட்டேன்.

புதுக் கவரா, பழையதைச் சரிசெய்வதா? எபாக்சி பசை வைத்து அடைப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. எண்ணெய் ஊறிய சூடான அலுமினியத்தில் அது ஊர் போய்ச் சேர உதவும், அதற்குமேல் தாங்காது. ஆர்கான் வெல்டிங் உண்மையான வழி. ஆனால் பல வருடம் எண்ணெய் குடித்த வார்ப்பில் வெல்டிங் வைத்தால் உள்ளிருக்கும் எண்ணெய் ஆவியாகி ஊசித்துளை ஊசித்துளையாக வரும், சூட்டில் கவரின் முகம் வளையவும் செய்யும். இனிக் கிடைக்காத பழைய மாடலுக்கு அந்தப் பாடு படலாம். இந்த வண்டிக்கு உதிரிபாகம் மூலைக்கு மூலை கிடைக்கிறது.

முதலில், பழைய உதிரிபாகங்கள் விற்கும் புதுப்பேட்டைக்குப் போனேன். அங்கே மலிவு என்பதைவிட அந்தத் தெருவைப் பார்க்கப் பிடிக்கும் என்பதுதான் காரணம். கழற்றிய கவர்கள் தேங்காய்க் குவியல் மாதிரி குவிந்து கிடக்கின்றன. ஒன்று பார்வைக்கு நன்றாக இருந்தது. கடையின் கண்ணாடி மேசையில் கவிழ்த்து வைத்து ஒரு மூலையை விரலால் அழுத்தினேன். எதிர்மூலை எழுந்தது, நாற்காலி ஆடுவது போல. வளைந்த கவர். வைத்துவிட்டு ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டுக்கு நடந்து, பழைய கவரைக் காட்டி, துளைக்குத் துளை வைத்துப் பார்த்து, புதிதாக ஒன்று வாங்கினேன். அதோடு பேக்கிங் இரண்டு, கிக் ஷாப்டுக்கும் கிளட்ச் லீவருக்கும் எண்ணெயைத் தடுக்கும் ரப்பர் வளையமான ஆயில் சீல் ஒவ்வொன்று. பேக்கிங் ஒன்று போதுமே என்றார் கடைக்காரர். என்னவோ தோன்றியது, இரண்டாகவே வாங்கிக்கொண்டேன்.

உண்மையான வேலை இனிமேல்தான். எஞ்சின் பக்க முகத்தில் ஒட்டியிருந்த பழைய பேக்கிங்கைச் சுரண்ட எனக்கு இரண்டு மணி நேரம் ஆனது. கவரைக் கழற்றவும் மாட்டவும் ஆன நேரத்தைக் கூட்டினாலும் அவ்வளவு வராது. எஞ்சின் வாயில் துணி அடைத்து, தின்னரில் நனைத்த பஞ்சைத் தாளின் மேல் பத்து நிமிடம் போர்த்தி, ஊறியதும் சவர பிளேடைப் படுக்கவைத்துச் சீவினேன். பிளேடு நிமிர்ந்தால் அலுமினியத்தைத் தின்னும். நகத்தால் தடவினால் எங்கும் தடுக்கக் கூடாது. கண்ணுக்குச் சுத்தமாகத் தெரிந்த இடத்தில் நகம் ஏழு முறை தடுக்கியது.

கிளட்ச் லீவரைப் பழைய கவரிலிருந்து புதியதற்கு மாற்றினேன். ஆயில் சீலை அதே விட்டமுள்ள சாக்கெட்டை வைத்துத் தட்டி இறக்கினேன். ஸ்பிரிங் உள்ள உதடு எண்ணெய் இருக்கும் பக்கம், அதாவது உள்ளே, பார்க்க வேண்டும். கிக் ஷாப்டின் முனையில் பல் வெட்டியிருக்கும். சீலை அதன் மேல் அப்படியே தள்ளினால் பற்கள் உதட்டைக் கீறிவிடும். பற்களின் மேல் செலோ டேப்பை ஒரு சுற்றுச் சுற்றி, எண்ணெய் தடவி, கவரை ஏற்றிய பிறகு டேப்பை உருவிக்கொண்டேன். பேக்கிங்கின் இரு பக்கமும் கிரீஸை மெல்லப் பூசினேன், தாள் நழுவாமல் இருக்கும் அளவுக்கு மட்டும். சிலிக்கோன் பசை பூசவில்லை. வெளியே எவ்வளவு பிதுங்குகிறதோ அதே அளவு உள்ளேயும் பிதுங்கும். உள்ளே பிதுங்கியது பிய்ந்து அதே கம்பிவலைக்குப் போகும்.

அட்டையிலிருந்து ஒவ்வொரு போல்ட்டாக எடுத்து அதனதன் துளையில் போட்டு இறுக்கினேன். மேலே, கிளட்ச் கேபிள் தாங்கி உட்காரும் போல்ட் மட்டும் கடைசியில் இறுகாமல் வழுக்கியது. வெண்ணெயில் திருகுவது மாதிரி ஓர் உணர்வு. அந்த உணர்வு வந்தால் நிறுத்திக் கழற்றிப் பார்க்க வேண்டும். நான் நிறுத்தினேன், கழற்றவில்லை. மணி ஏழாகிவிட்டது, மகள் பரீட்சைக்குப் படிக்கப் போய்விட்டாள், எனக்கும் வேலையை முடித்தாயிற்று என்று சொல்லிக்கொள்ள ஆசை. எண்ணெய் ஊற்றி ஐந்து நிமிடம் ஓடவிட்டுப் பார்த்தேன். ஒரு சொட்டு இல்லை. அடியில் செய்தித்தாள் விரித்துவிட்டுத் தூங்கப் போனேன்.

காலையில் செய்தித்தாளில் தோசைக்கல் அளவுக்கு எண்ணெய்.

எங்கிருந்து வருகிறது என்பதைச் சொட்டும் இடத்தை வைத்துச் சொல்ல முடியாது. எண்ணெய் எங்கோ கசிந்து, விளிம்பு வழியாக ஓடி, தாழ்ந்த இடத்தில் தொங்கிச் சொட்டும். கவர் முழுவதையும் பெட்ரோலில் துடைத்துக் காயவிட்டு, பெட்ரோல் வாடை போன பிறகு, இணைப்பு நெடுகிலும் முகப்பவுடரைத் தூவி எஞ்சினை ஓடவிட்டேன். மூன்று நிமிடத்தில் வெள்ளையில் ஒரு கறுத்த கோடு எழுந்தது. முன்பக்கக் கீழ்மூலை. அப்பா வேர்வை என்று சொல்லுவாரே, அதே மூலை.

கவர் புதிது, பேக்கிங் புதிது, முகம் சுத்தம். ஆனாலும் அதே இடம். கணக்கில் இப்படி வந்தால், மாறாமல் இருக்கும் இனம் எது என்றுதான் முதலில் பார்ப்பேன். மாறாதது இரண்டே: எஞ்சின் பக்க முகம், போல்ட்டுகள். அந்த மூலை போல்ட்டை இன்னும் இறுக்கலாமா என்று ஸ்பேனரோடு உட்கார்ந்திருந்தபோது எதிர்வீட்டுப் பெரியவர் வந்தார். ஆவடி டாங்கித் தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர்.

"இறுக்காதீர்கள் தம்பி. அது இறுகித்தான் இருக்கிறது" என்றார். பிறகு என் சவர பிளேடை எடுத்து, போல்ட் தலைக்கும் கவருக்கும் நடுவில் வைத்தார். பிளேடு உள்ளே நுழைந்தது.

எனக்கு ஒரு கணம் புரியவில்லை. கையால் அசைக்க முடியாதபடி இறுகிய போல்ட்; அதன் தலையோ கவரைத் தொடவேயில்லை.

அவர் வேறு எதுவும் சொல்லாமல் ஒன்பது போல்ட்டையும் கழற்றச் சொன்னார். கவர் அப்படியே நிற்க, போல்ட்டுகளைத் துடைத்து, திருகாமல், அதனதன் துளையில் விரலால் தள்ளச் செய்தார். மரை தொடங்கும் இடத்தில் ஒவ்வொன்றும் நின்றது. "எல்லாத் தலையும் ஒரே உயரத்தில் நிற்க வேண்டும், படைவீரர் வரிசை மாதிரி. இப்போது பாருங்கள்." ஏழு போல்ட் தலைகள் கவரிலிருந்து 10 மில்லிமீட்டர் வெளியே நின்றன. முன்பக்கக் கீழ்மூலையில் இருந்தது 15. மேலே, கேபிள் தாங்கியின் மேல் இருந்தது 5.

இரண்டும் இடம் மாறியிருந்தன. கேபிள் தாங்கியின் தகடும் அங்கே கவரின் கனமும் சேர்வதால் மேல்துளைக்கு மற்றதைவிட 5 மில்லிமீட்டர் கூடுதல் நீளமுள்ள போல்ட் வேண்டும். அது கீழ்மூலையில் இருந்தது. கீழ்த்துளை மறுபக்கம் திறக்காத துளை. நீளமான போல்ட் கவரைப் பிடிப்பதற்கு மயிரிழை முன்பாகவே துளையின் அடியில் முட்டி நின்றுவிட்டது. ஸ்பேனருக்கு அது இறுக்கம். கவருக்கு அங்கே பிடிமானமே இல்லை. மேலே போன குட்டைப் போல்ட்டோ ஐந்தே மில்லிமீட்டர் மரையைப் பிடித்துக்கொண்டு தொங்கியது. இந்த மரை சுற்றுக்கு 1 மில்லிமீட்டர் ஏறும். ஆக ஐந்து சுற்று. அலுமினியத்தில் 6 மில்லிமீட்டர் போல்ட்டுக்குக் குறைந்தது 9 மில்லிமீட்டராவது பிடி இருக்க வேண்டும். வெண்ணெயில் திருகிய உணர்வு, அந்த ஐந்து சுற்று மரை உரிந்துகொண்டிருந்ததன் உணர்வு.

கிளட்ச் பிளேட் மாற்றிய அன்றே இது நடந்திருக்கிறது. கசிவதைக் கண்டவர் காரணத்தைத் தேடாமல் சிலிக்கோனை அப்பியிருக்கிறார். தாளும் பசையும் வெந்து ஒன்றாகி, போல்ட் செய்யாத வேலையை ஓரளவு செய்துவந்தன. அந்த ஓரளவுக்குத்தான் வேர்வை என்று பெயர் வைத்திருந்தோம். நான் பசையைச் சுத்தமாகச் சுரண்டி எடுத்து, போல்ட்டுகளைச் சுத்தமாகப் பழைய இடத்திலேயே போட்டேன். என் காலண்டர் அட்டை முந்தையவரின் தவறை ஒரு மில்லிமீட்டர் பிசகாமல் காப்பாற்றிக் கொடுத்தது. தவறான பேரேட்டை அழகான கையெழுத்தில் நகல் எடுத்த மாதிரி. மாட்டும் முன் விரலால் தள்ளிப் பார்த்திருந்தால் இரண்டு நிமிட வேலை.

எண்ணெயைச் சுத்தமான பாத்திரத்தில் வடித்தேன். சில நிமிடமே ஓடியது என்பதால் மெல்லிய துணியில் வடிகட்டித் திரும்ப ஊற்றத் தீர்மானித்தேன். கவரை மறுபடி கழற்றினோம். ஒருமுறை நசுங்கிய பேக்கிங்கைத் திரும்பப் போடக் கூடாது. இரண்டாவதாக வாங்கியது கைகொடுத்தது. கீழ்த்துளையை டார்ச் அடித்துப் பார்த்தோம். நீளப் போல்ட் முட்டி முட்டி அடிப்பாகம் வெடித்திருக்கலாம் என்று பயந்தேன், நல்லவேளையாக இல்லை. மேல்துளையில் முதல் ஐந்து சுற்று மரை கந்தல். அதற்குக் கீழே, இத்தனை வருடமாக எந்தப் போல்ட்டும் எட்டாத மரை புத்தம் புதிதாக இருந்தது. பெரியவர் தம் வீட்டிலிருந்து, மரை வெட்டும் கருவியான 6 மில்லிமீட்டர் டேப்பைக் கொண்டுவந்தார். அதன் காடிகளில் கிரீஸ் அப்பிக் கையாலேயே இறக்கினார். பிசிறு துளைக்குள் விழாமல் கிரீஸில் ஒட்டிக்கொண்டு வந்தது. சரியான நீளமுள்ள போல்ட் கீழே இருந்த நல்ல மரையைப் பிடித்துக்கொண்டது. பிடி குறைவுதான், ஆனாலும் இப்போதைக்குத் தாங்குகிறது. துளைக்குள் ஸ்பிரிங் போன்ற புது மரை வைக்கும் செலவு மிச்சம்.

இறுக்கும் அளவு பற்றி ஒரு வார்த்தை. இந்தப் போல்ட்டுகளுக்கு சுமார் 10 நியூட்டன் மீட்டர் போதும். 10 சென்டிமீட்டர் கைப்பிடியின் நுனியில் 10 கிலோ அழுத்துவதற்குச் சமம். மணிக்கட்டு வேலை, தோள் வேலை இல்லை. நடுவிலிருந்து தொடங்கி எதிரெதிராக, மூன்று தவணையில் இறுக்கினேன். பிறகு பிளேடை ஒன்பது தலைக்கும் அடியில் வைத்துப் பார்த்தேன். எங்கும் நுழையவில்லை.

குறைந்த எண்ணெய்க்கு ஈடாக அதே தரத்தில் ஊற்றினேன். இந்த வண்டிகளில் கிளட்ச் எண்ணெயிலேயே ஊறிக் கிடப்பதால் ஜேஸோ எம்ஏ என்ற தர முத்திரை உள்ளதாக இருக்க வேண்டும். கார் எண்ணெய் ஊற்றினால் கிளட்ச் வழுக்கும் வாய்ப்பு உண்டு. மூன்று நிமிடம் ஓடவிட்டு, அணைத்து, சற்றுப் பொறுத்து, அளவுக் குச்சியைத் திருகாமல் வைத்துப் பார்த்தேன். கிளட்ச் பிடியின் முனையில் ஒன்றரை சென்டிமீட்டர் ஆட்டம் வைத்தேன்.

அன்றிரவும் செய்தித்தாள் விரித்தேன். காலையில் அதில் ஒரு பல்லி மட்டும் இருந்தது. மூன்று வாரம் ஆகிறது, ஒருமுறை காஞ்சிபுரம் வரை போய் வந்தாயிற்று. அந்த மூலை உலர்ந்திருக்கிறது. அப்பாவுக்கு போன் செய்து சொன்னேன். எஞ்சினுக்கு எண்ணெய் ஊற்றினாயா என்று சந்தேகத்தோடு கேட்டார்.

அட்டையில் அந்த இரண்டு துளைகளுக்கும் நடுவே சிவப்பு மையில் அம்புக்குறி போட்டு, நீளத்தையும் எழுதி, கருவிப்பெட்டியின் மூடிக்குள் ஒட்டியிருக்கிறேன். பிரேக் பெடல் இன்னும் கொஞ்சம் உள்ளே வாங்கியபடிதான் இருக்கிறது. அதைச் சூடு காட்டி நிமிர்த்த வேண்டும், வண்டியில் வைத்தே நெம்பினால் புதுக் கவரையும் குத்தும். லேத் பட்டறைக்காரர் சனிக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்.